அண்ணன் வைத்த ஆன்டிவைரஸ் சீர்

முனிலட்சுமியின் அண்ணன் முனிவேல் மத்தூரிலிருந்து பொங்கல் சீர் கொண்டுவந்தபோது, தாம்பாளத்தில் கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை, வேட்டி இவற்றோடு ஓர் ஆன்டிவைரஸ் பெட்டியும் இருந்தது. அதற்கும் குங்குமம் வைத்திருந்தார். கெலமங்கலத்தில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கல்யாணப் பத்திரிகை அமைத்துத் தருகிற தங்கைக்கு இதைவிட உபயோகமாக என்ன கொடுக்க முடியும் என்று அவருக்குப் பெருமை. தானே உட்கார்ந்து போட்டும் விட்டார். நடுவில், ஏற்கெனவே வேறொன்று இருக்கிறது, அதை நீக்கிவிடலாமா என்று திரையில் கேள்வி வந்தது. நல்ல நாளில் சீர் வைக்கும்போது எதையும் நீக்கக் கூடாது என்று, வேண்டாம் என்பதைத் தட்டினார்.

அந்த வேறொன்று, அவள் கணவர் தீர்த்தகிரி போட்டது. ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் விசாரித்து, சந்தா கட்டி வாங்கியது.

பொங்கல் முடிந்து வேலைக்கு உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் நகரவில்லை. இரண்டு காவலும் ஒன்றையொன்று திருடன் என்று நினைத்து ஓயாமல் சோதனை போட்டுக்கொண்டிருந்தன. அதைக்கூடப் பொறுத்திருப்பாள். கெலவரப்பள்ளி ஆஞ்சப்பன் மகள் ஹரிணியின் கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் கன்னடப் பக்கம் முழுக்க வெறும் கட்டங்கள். சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்குப் போனால்தான், மறுநாள் காலையில் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்க முடியும். கர்நாடகத்து ஆனேக்கல்லிலிருந்து சம்பந்தி வீட்டார் வேறு கோயிலுக்கு வருகிறார்கள். அவர்கள் கையில் கட்டத்தையா கொடுப்பது?

துழாவிப் பார்த்ததில், அண்ணன் போட்டது அவளுடைய பழைய கன்னட எழுத்து மென்பொருளைச் சந்தேகப்பட்டுப் பூட்டி வைத்திருந்தது தெரிந்தது. அதை அப்படியே திறந்துவிட அவளுக்கு மனமில்லை. தயாரித்தவர்களின் தளத்துக்கே போய்ப் புதிதாக இறக்க முயன்றாள். வண்டி நகர்ந்தால்தானே. ஏதாவது ஒரு காவல் போயாக வேண்டும்.

கணவரைக் கேட்டால், அண்ணன் போட்டதை எடுத்துவிடு என்றார். அண்ணனைக் கேட்டால், அவர் போட்டதை எடு என்றார். இருவரையும் ஒரே போனில் சேர்த்தாள்.

"சீரத் தூக்கி வெளிய போடறதுக்கா அவ்ளோ தூரம் பஸ்ஸுல கொண்டாந்தேன்?" என்றார் முனிவேல்.

"நான் மட்டும் சும்மாவா போட்டேன், மச்சான்? கம்பெனில கேட்டு வாங்குனதுங்க."

"அண்ணா, சீரு யாருக்கு வெச்ச?" என்று கேட்டாள் முனிலட்சுமி.

"உனக்குத்தான்."

"இவருக்கும் வேட்டி வெச்சியில்ல?"

"ஆமா, ரெண்டு பேத்துக்குந்தான்."

"அப்ப அதை இவரு லேப்டாப்புல போட்டுடறேன். சீரு வீட்ட விட்டுப் போகாது. கண்ட லிங்க்கயும் தட்டறது நானா, இவரா? பரிசா பைக்கு விழுந்திருக்குன்னு வந்தத இவரு தட்டிட்டாரு, பேங்க் கார்டை நிறுத்தறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காவலு அங்கதான் வேணும்."



"பைக்கு கதைய மச்சான்கிட்ட சொல்லாதன்னு சொன்னேனில்ல," என்றார் தீர்த்தகிரி மெல்ல.

முனிவேல் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. எடும்மா, எடுத்து அவருக்கே போடு என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்.

சீரை நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். இப்போது துள்ளிக்கொண்டு எழுந்தது. புது மென்பொருள் இறங்கியது. இருக்கிற ஒரு காவலும் அதைச் சோதித்து, பழுதில்லை என்றது. கட்டங்களெல்லாம் உருண்டையான கன்னட எழுத்துகளாகின. ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டுத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அச்சகத்துக்கு அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் ஆஞ்சப்பன் லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். சம்பந்தி கோயிலில் சாமி முன்னால் நின்று கன்னடப் பக்கத்தை ஓர் இடத்திலும் தட்டாமல் உரக்கப் படித்தாராம். அவர்கள் வீட்டு வரவேற்புப் பத்திரிகையும் இங்கேதானாம்.

இரவு வேலை என்பதால் தீர்த்தகிரி வீட்டில்தான் இருந்தார். மடியில், சீர் ஏறிய லேப்டாப்; ஒரு கையில் லட்டு, மறு கையில் போன்.

"மச்சான், உங்க சீரு பெரிய தொல்லைங்க. எதத் தொட்டாலும் வேணாம் வேணாங்குது."

"என் தங்கச்சி சொன்னா கேக்க மாட்டீங்களே, மச்சான். அதான் ஆள் வெச்சிருக்கேன்."