பின்சீட்டில் இடமில்லை

ஜூலை மாதம், அமெரிக்கப் பாலைவன நகரமான டூசானில் காலையிலேயே கார் கதவின் பிடி கையைச் சுட்டது. ஒஃபீலியாவும் அவள் கணவன் டேரலும் லெம்மன் மலைக்குக் கிளம்பும் நேரத்தில் தங்கை நோயெமி போன் செய்தாள்.

“அக்கா, என் ஏர்கூலர் நின்னுடுச்சு. இந்தத் தகர டிரெய்லர் வீட்டுக்குள்ள இருக்க முடியல. என்னையும் கூட்டிட்டுப் போயேன். நான் நடக்கல்லாம் வரல, ஏதாவது மரத்தடியில கிடக்கறேன்.”

ஒஃபீலியா போனைப் பொத்திக்கொண்டு டேரலைப் பார்த்தாள்.

“அவளா? வழி நெடுக வாய் மூடமாட்டா. சிகரெட் நாத்தம் வேற. பின்சீட்ல இடமில்லன்னு சொல்லு.”

பின்சீட்டில் ஐஸ் பெட்டியும் நாயும் இருந்தன.

“இடமில்லடி.”

“நாயை மடியில வெச்சுக்கறேன்க்கா.”

“அது உன்கிட்ட வராது. ஈரத்துண்டைப் போத்திக்கிட்டுப் படு. சாயங்காலம் வரேன்.”

மலைப்பாதை வளைந்து ஏற ஏறக் கள்ளிகள் மறைந்து பைன் மரங்கள் வந்தன. மேலே ஸ்வெட்டர் போடவேண்டியிருந்தது. ஓடை ஓரமாக நடந்தார்கள். தர்ப்பூசணி வெட்டிச் சாப்பிட்டார்கள். போனில் சிக்னல் இல்லாதது ஒஃபீலியாவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இறங்கும் வழியில் சிக்னல் வந்ததும் போனில் அறிவிப்புகள் விடாமல் ஒலித்தன. எல்லாம் நோயெமியின் தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை.

“கோவத்துல இருப்பா, விடு,” என்றான் டேரல்.

டிரெய்லர் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவை உடைத்திருந்தார். குளியலறைத் தரையில், ஷவரைத் திறந்துவிட்டபடி கிடந்தாளாம் நோயெமி. டூசான் வெயிலில் குழாய்த் தண்ணீரே சுடும். உயிர் போய் வெகு நேரமாகியிருந்தது.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டேரல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “வீம்புக்காரி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்போம்.”

“கேட்டா,” என்றாள் ஒஃபீலியா. கூடமே திரும்பிப் பார்த்தது. “நாயை மடியில வெச்சுக்கறேன்னு கெஞ்சினா. இடமில்லன்னு நான்தான் சொன்னேன். சொல்லச் சொன்னது நீ.”

டேரல் அவள் தோளை அணைத்தான். “பாவம், துக்கத்துல என்ன பேசறோம்னே தெரியல இவளுக்கு.”

யாரோ ஓடிவந்து அவளை உட்காரவைத்தார்கள். ஒரு பெண் விசிறினாள். இன்னொருத்தி தண்ணீர் கொடுத்தாள். அவள் சொன்னதை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.