ரெண்டு சாவி வண்டி

எங்க ஊர்த் தீயணைப்பு வண்டிக்கு ரெண்டு சாவி. என்ஜின் சாவி எங்க ஸக்கூர் குடும்பத்துகிட்ட. பம்பும் குழாயும் இருக்கிற பின்பெட்டிக்குப் பெரிய பூட்டு, அதோட சாவி தன்னூஸ் குடும்பத்துகிட்ட. உலகத்துல வேற எந்த ஊர்லயாவது இப்படி ஒரு கூத்து நடக்குதான்னு எனக்குத் தெரியாது. நடந்தா அந்த ஊரும் நாசமாப் போகட்டும்.

லெபனான் மலையில நாங்க இருக்கிற உயரத்துக்கு அரசாங்க வண்டி ஏறி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதனால பிரேசில்ல இருக்கிற எங்க ஊர்க்காரங்க, ரெண்டு குடும்பமும் பாதிக்குப் பாதி போட்டு, ஒரு பழைய ஜெர்மன் வண்டியை அனுப்பி வச்சாங்க. சம்பளம் கிடையாது. ஒன்பது பேர் தானா முன்வந்து சேர்ந்தோம். வண்டி ஓட்டுறது நான், ஜுஹைனா. மத்த நாள்ல ஸ்கூல் வேன் ஓட்டுறவ. பம்பைப் பார்த்துக்கிறது முல்ஹிம் தன்னூஸ், ஊர் மெக்கானிக். அவனும் நானும் ஒரே வகுப்புல படிச்சு, ஒரே வாத்தியார்கிட்ட அடி வாங்கினவங்க.

வண்டி வந்த அன்னைக்கே சண்டை. யார் வீட்டு வாசல்ல நிறுத்துறது, சாவி யார்கிட்ட இருக்கிறது? கடைசியில ஊர்த் தலைவர் எழுந்து, "ஆளுக்கு ஒரு சாவி. ரெண்டு வீடும் சேர்ந்தாத்தான் தண்ணி வரணும்"னார். என்னமோ பெரிய நியாயம் சொல்லிட்ட மாதிரி ஊரே கை தட்டுச்சு. நானும்தான் தட்டினேன்.

அஞ்சு வருஷம் அது ஓடுச்சு, பொய் சொல்லல. நான் போன் போட்டா, வண்டியைத் திருப்புறதுக்குள்ள முல்ஹிம் வந்து ஏறிடுவான்.

அப்புறம் போன செப்டம்பர்ல எங்க பெரியப்பா செத்துப் போனார். எங்க பக்கம் சாவு நோட்டீஸ்ல சொந்தக்காரக் குடும்பங்களோட பேரை எல்லாம் வரிசையாப் போடணும். தன்னூஸ் வீடு பெரியப்பாவுக்குச் சம்பந்தி வீடு, ரெண்டாவதா வரணும். எழுதின என் தம்பி புத்திசாலி, ஏழாவதாப் போட்டுட்டான். கீழ்ப் பள்ளத்தாக்குல இருந்து வர்ற ஆட்டுக்காரங்களுக்கும் பின்னால! சுவத்துல நோட்டீஸ் ஒட்டின அரை மணி நேரத்துல செய்தி போய்ச் சேர்ந்துடுச்சு. துக்கம் கேட்க அந்த வீட்டுல இருந்து ஒரு ஈ காக்கா வரல. துக்க வீட்டுக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கிற கசப்புக் காப்பியை ஒருத்தனும் குடிக்கல. அவங்க வந்து குடிக்கிற வரைக்கும் அவங்களோட பேச்சே கிடையாதுன்னு எங்க வீட்டுல முடிவு பண்ணினாங்க. நானும் முறைப்பா நின்னேன். கடைக்குப் போற வழியில முல்ஹிமைப் பார்த்தா ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு நடந்தேன். அவனும் அப்படித்தான் நடந்தான், தடுக்கி விழாதது ஆச்சரியம்.

அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. கிழக்கே இருந்து அனல் காத்து. மத்தியானம் ஊர்ல எல்லா வீட்டுலயும் கரியில கறி வெந்துக்கிட்டு இருந்த நேரம், பள்ளத்துல இருந்து புகை ஏறுச்சு.

பள்ளத்து ஓரம் கடைசி வீடு ஃபாரிஸ் அண்ணனோடது. அவர் ஸக்கூரும் இல்ல, தன்னூஸும் இல்ல. இருபது வயசுல பிழைக்க வந்த கொத்தனார். எங்க ஊர்ச் சுவர்ல பாதி அவர் கை வச்சது. ஊர் வேலை முடிச்சுட்டு வந்து, பொழுது சாயுற நேரத்துல ஒவ்வொரு கல்லா வச்சு, பதினோரு வருஷத்துல தனக்கு ஒரு வீடு கட்டினார். மரச்சட்டத்துல சிவப்பு ஓடு வேஞ்ச அருமையான வீடு. அதுக்கப்புறம் சாரத்துல இருந்து விழுந்து இடுப்பு போச்சு, படுக்கைதான். அந்த வீடு மட்டும்தான் மனுஷனுக்கு மிச்சம்.

அவர் பொண்டாட்டி ஹிந்த் போன் போட்டா. "அக்கா, வண்டியை எடு! தீ அத்திமரம் வரைக்கும் வந்துடுச்சு!"

எடுத்தேன். எத்தனை நிமிஷத்துல இறங்கினேன்னு எனக்கே தெரியல. கூட ஆறு பேர். எல்லாரும் குதிச்சு பின்பெட்டிகிட்ட ஓடினாங்க. பூட்டு தொங்குது.

"முல்ஹிம் எங்கடா?"

ரமீஸ்னு ஒருத்தன், தன்னூஸ் வீட்டுப் பேரன் முறை, மேலே கையைக் காட்டினான். சரிவுல தன் வீட்டு மொட்டை மாடியில முல்ஹிம் நிக்கிறான். எங்களைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். அவனை எங்களுக்குத் தெரியுது, எங்களை அவனுக்குத் தெரியுது.

"அக்கா, ஒரு போன் போட்டுடேன்"னான் ரமீஸ்.

"ஏன், அவனுக்குக் கண்ணு இல்லையா? பத்திரிகை அடிச்சு அழைக்கணுமா தொரையை?"

"அப்ப நான் போடறேன்."

"நீ போட்டா நான் போட்டதாத்தான் அர்த்தம். சும்மா இரு!"

பூட்டை உடைக்கலாமே? உடைக்கலாம். தன்னூஸ் பூட்டை ஸக்கூர் ஆளு உடைச்சா அன்னைக்கே ஊர்ல துப்பாக்கி பேசும். தன்னூஸ் ஆளு உடைச்சா அவனை வீட்டுல சேர்க்க மாட்டாங்க. ஆறு தடிமாடுங்க, எல்லாம் தரையையே பார்த்துக்கிட்டு நின்னுச்சுங்க. அத்திமரம் பத்திக்கிச்சு.

நானும் ரமீஸும் உள்ளே ஓடி ஃபாரிஸ் அண்ணனைக் கம்பளியோட தூக்கிட்டு வந்தோம். ரோட்டுல படுக்க வச்சதும், "என்னை வீட்டுப் பக்கம் திருப்பிப் படுக்க வைங்க"ன்னு மட்டும் சொன்னார்.

பூட்டை உடைச்சது ஹிந்த். வேலி ஓரத்துல இருந்து ஒரு கல்லைத் தூக்கிட்டு வந்தா. "வழி விடுங்கடா, வெக்கங்கெட்டவனுங்களா! நான் எந்த வீட்டுக்காரியும் இல்ல!"ன்னு கத்திக்கிட்டே மூணு போடு போட்டா. பூட்டு தெறிச்சுது. குழாயை இழுத்து, பம்பை முடுக்கி, தண்ணி பீய்ச்சின நேரத்துல கூரைச் சட்டம் இறங்கிடுச்சு. ஓடு எல்லாம் உள்ளே சரிஞ்சு விழுந்துச்சு. நாங்க கருகின சுவரைக் கழுவினோம், அவ்வளவுதான்.

அப்பத்தான் முல்ஹிம் மூச்சிரைக்க ஓடி வந்தான், கையில சாவியோட. வந்தவன் வாயில முதல்ல வந்தது என்ன தெரியுமா? "என் பூட்டை எவன்டா உடைச்சது?"

ஓங்கி ஒரு அறை விட்டேன். இப்ப நினைச்சாலும் இன்னொண்ணு விடணும்னு கை துடிக்குது.

"மாடியில நின்னு வேடிக்கையாடா பார்த்தே? நீயெல்லாம் மனுஷனா?"

அவன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே கத்தினான். "நீ கூப்பிடுவேன்னு நின்னேன்டி! செருப்பு போட்டு, சாவியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்! ஒரு போன்! நீ ஒரே ஒரு போன் போட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல இறங்கியிருப்பேன்!"

"நீயா வந்திருக்கணும்!"

"பூட்டு உடையுற சத்தம் கேட்டதும் வந்தேன்ல!"

"பூட்டுக்கு வந்தே நாயே, வீட்டுக்கு வரல!"

இப்படி நாங்க தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்தோம், கீழே படுத்திருந்த ஃபாரிஸ் அண்ணன் பேசுற வரைக்கும். அவர் கோபப்படல. கல்லு சரியா உக்காந்திருக்கான்னு கேட்கிற மாதிரி சாதாரணமாக் கேட்டார்.

"ஜுஹைனா, அவன் நம்பர் உன்கிட்ட இல்லையாம்மா?"

போன் என் கையிலதான் இருந்துச்சு. வண்டியில இருந்து இறங்கினதுல இருந்து கையிலயே வச்சிருந்தேன்.

"இருந்துச்சு அண்ணே"ன்னேன்.

அவர் தலையை ஆட்டிட்டு, திரும்பவும் வீட்டைப் பார்க்க ஆரம்பிச்சார்.