2217-ஆம் எண்ணின் சொந்தக்காரர்

இறந்து பதினான்கு மாதம் கழித்து, 1975 செப்டம்பர் ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, அருளானந்தம் குவீன்ஸ்டவுன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கோப்பி கேட்டார். அவர் மனைவி ஜோசபின் போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை குறைவு என்றார். அது அவர் உயிரோடு இருந்தபோது தினமும் சொன்னதுதான்.

காரணம் முந்தின நாள் நடந்தது. சிராங்கூன் ரோட்டில் மளிகைச் சரக்கு இறக்குமதி செய்துகொண்டிருந்த அருளானந்தம் மாரடைப்பில் போனபின், மரியஅந்தோணி என்பவரின் அலுவலகத்தில் ஜோசபின் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தாள். துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிப்பது அவர்கள் வேலை. அந்த வருடம்தான், ஒவ்வொரு பத்திரத்திலும் வணிகரின் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று விதி வந்தது. கெட்ட சரக்கு எவர் பெயரில் நாட்டுக்குள் வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பிடிப்பதற்காகவாம். நம்மவர்கள் விதியை மதித்தார்கள். எண் இல்லாதவருக்கு எண் உள்ளவர், மழைக்குக் குடை கொடுப்பதுபோல், தன் எண்ணைக் கொடுத்து உதவினார். அன்று நாற்பது மூட்டை வெங்காயம் எண் இல்லாமல் நின்றது. "உங்க வீட்டுக்காரர் நம்பர் சும்மாதானே கிடக்கு, அதைப் போடுங்க லா," என்றார் மரியஅந்தோணி. ரத்து செய்யப்படாத 2217 என்ற அந்த எண்ணை ஜோசபின் ஐந்து பிரதிகளில் தட்டினாள். எண் உயிரோடு இருந்ததால் ஆளும் வந்துவிட்டார்.

வெங்காயம் விற்றுத் தீரும்வரை, ஏழு வாரம் இருந்தார். கண்ணில் ஓயாமல் நீர் வழிந்ததைத் தவிர வேறு குறை இல்லை. தேக்கா சந்தையில் கடைசி வெங்காயம் விலைபோன நேரத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதிச் சோற்றோடு மறைந்துபோனார். ஜோசபின் அந்தத் தட்டை மூன்று நாள் கழுவவில்லை. நான்காம் நாள் முதலாளி முன் போய் நின்று, எண் இல்லாத சரக்கு ஏதாவது இருக்கிறதா என்று அவளே கேட்டாள். இருபத்திரண்டு வருடம் ஒரே பாயில் படுத்தவள் தனியாகப் படுக்கப் பயந்தாள். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னால் அவள் செய்ததைச் சொல்கிறேன்.

அக்கம்பக்கத்தார் ஒரு மாதத்தில் பழகிவிட்டார்கள். பங்குச்சாமியார் ஒரு வாரம் யோசித்துவிட்டு, பூசைக்கு வரலாம், கடைசி பெஞ்சில் உட்காரட்டும் என்றார். சிக்கல் சரக்கில்தான் இருந்தது. இறந்தவர் எண் என்றால் கேள்வி கேட்பவன் சுவா சூ காங் கல்லறைவரை போய்த் திரும்பிவிடுவான் என்று மரியஅந்தோணிக்குப் புரிந்துவிட்டது. எவனும் தன் பெயரில் கொண்டுவரக் கூசுகிற சரக்கெல்லாம் 2217-இல் வந்து இறங்கியது. துருப்பிடித்த ஆணி வந்த மாதம் அருளானந்தம் துருவாக இருமினார். வண்டு விழுந்த அரிசி வந்தபோது அவர் காதிலிருந்து வண்டுகள் ஊர்ந்தன; ஜோசபின் அவற்றை ஈர்க்குச்சியால் எடுத்துப் போட்டாள். "போதும் ஜோசபின், என்னை விட்டுடு," என்று கெஞ்சினார். "நான் ஒருத்தி இருக்கேன்ல, எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கக்கூடாதா?" என்று அவள் அழுதாள். மறுநாள் போய் மறுபடி தட்டினாள். இப்படியே ஏழு வருடம் போயிற்று.

1982-இல் சாயம் கலந்த மிளகாய்த்தூள் அறுபது மூட்டை வந்தது. தட்டும்போதே மாதிரிப் பொட்டலத்தின் சிவப்பு ஜோசபினின் விரலில் ஒட்டியது. இரண்டு முறை சோப்பு போட்டும் போகவில்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் தட்டினாள். டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒன்பது பேர் வாந்தியெடுத்துப் படுத்தார்கள். ஆயிஷா என்ற நான்கு வயதுக் குழந்தை இறந்தது.

சுங்க அதிகாரி வடிவேலு கடைப் பொட்டலத்திலிருந்து மூட்டைக்கும், மூட்டையிலிருந்து பத்திரத்துக்கும், பத்திரத்திலிருந்து எண்ணுக்கும் ஒரே பிற்பகலில் வந்து சேர்ந்தார். புது முறைக்குக் கிடைத்த முதல் வெற்றி என்று இலாகாவில் பாராட்டினார்கள். விற்காமல் மிஞ்சிய பதினொரு மூட்டைகளுக்கு முத்திரை வைத்துவிட்டு குவீன்ஸ்டவுனுக்கு வந்தார். உடம்பெல்லாம் செங்கல் நிறமாகி, ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருந்தார் அருளானந்தம்.

"2217 உங்க நம்பர்தானா?"

"என்னோடதுதான் சார். ஆனா நான் செத்து எட்டு வருஷம் ஆச்சு."

வடிவேலு ஆச்சரியப்படவில்லை. "அப்ப டெத் சர்ட்டிஃபிகேட் காட்டுங்க. நம்பரை கேன்சல் பண்ணி, மூட்டையை இன்னைக்கே எரிச்சிடலாம்," என்றார்.

அருளானந்தம் மனைவியைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், அவருடைய எரிச்சல் அன்று சாயங்காலமே அடங்கியிருக்கும். ஜோசபின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்படி ஒண்ணும் இல்லைங்க சார். இவருக்கு உடம்பு முடியல, அதான் ஏதோ பேசுறார்."

அருளானந்தத்துக்கு இரண்டு வருடம் சிறை கிடைத்தது. மரியஅந்தோணி தீர்ப்புக்கு முன்பே ஜொகூர் பாலத்தைக் கடந்து அடுத்த நாட்டுக்குப் போய்விட்டார். பத்திரத்தில் டைப்பிஸ்டின் பெயருக்கு இடம் இல்லாததால் ஜோசபினை யாரும் தேடவில்லை. ஆயிஷாவின் தாய் நீதிமன்ற வாசலில் அருளானந்தத்தின் முகத்தில் துப்பினாள். அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். பின்னால் நின்ற ஜோசபின் தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டாள்.

1984-இல் விடுதலையானதும், அவர் நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தன் இறப்புச் சான்றிதழின் நகலைக் கேட்டார். இறந்தவர் தானே விண்ணப்பிக்க முடியாது, மனைவியை அனுப்புங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். தினமும் சாயங்காலம் மனைவியிடம் கேட்கிறார். "தேடிக்கிட்டுத்தான் இருக்கேங்க," என்று சொல்லி அவள் முதுகில் தயிர் தடவி விசிறுகிறாள். வேலையை விட்டுவிட்டாள், இனி எதையும் தட்ட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

மரியஅந்தோணி பிடிபடும்வரை சாட்சிப் பொருளை விற்கவோ எரிக்கவோ கூடாது. ஆகவே பதினொரு மூட்டைகளும் அரசாங்கக் கிடங்கில் பத்திரமாக இருக்கின்றன. எலி அண்டாமல் வருடம் இருமுறை மருந்தடிக்கிறார்கள். அந்த வாரங்களில் அருளானந்தத்துக்கு வாயில் நுரை தள்ளும், பிறகு சரியாகிவிடும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜோசபின் கிடங்கு அதிகாரிக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புகிறாள், இருவர் பெயரையும் போட்டு.