ஃபீஃபியின் முதுகில் இரண்டு வரிசை

என் புருஷனுக்கு உதடு வீங்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திட்டுவதென்றால் திட்டுங்கள், ஆனால் ஒன்பது வருஷக் கல்யாணத்தில் ஒரு சனிக்கிழமைகூட எனக்குக் கிடைத்ததில்லை என்பதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். எங்கள் கடற்கரை ஊரான சால்ட்பாண்டில் சாவு ஊர்வலமெல்லாம் சனிக்கிழமைதான். ஊர்வலம் என்றால் பேண்டு, பேண்டு என்றால் என் புருஷன் ஃபீஃபியின் டிரம்பெட். மற்ற நாளெல்லாம் கொத்து வேலை. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு. எனக்கு அவனுடைய குறட்டை மட்டும்தான் மிஞ்சியது.

உதட்டோடு கையும் வெடித்து, விரலிடுக்கில் நீர்க்கொப்புளம் வந்தது. பக்கத்து நகரமான கேப் கோஸ்ட் போய்த் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தோம்.

"சிமெண்டுல குரோமியம் இருக்கு, டிரம்பெட்டுல நிக்கல் இருக்கு. எது உங்களுக்கு ஒத்துக்கலன்னு ஒட்டிப் பார்த்தாத்தான் தெரியும். சிவந்துட்டா அந்தப் பொருளை ஆயுசுக்கும் தொடக் கூடாது."

முதுகின் இடப்பக்கம் சிமெண்டுக்கு ஒரு வரிசை, வலப்பக்கம் டிரம்பெட்டுக்கு ஒரு வரிசை. திங்கட்கிழமை மருந்துப் பட்டைகளை ஒட்டி, புதன்கிழமை வரை முதுகில் தண்ணீர் படக் கூடாது என்று அனுப்பிவிட்டாள். தினம் இரண்டு வேளை குளிக்கிற ஊரில் இது ஜெயில் தண்டனை மாதிரி.

"ஆட்டுக்கிடா மாதிரி நாறுற. பாயைத் தூக்கிட்டு வெளிய போ" என்றேன்.

"போறேன் போறேன். எந்தப் பக்கம் சிவந்திருக்குன்னு ஓரமா நெம்பிப் பாரேன், அரபா."

"கைய வச்சா டாக்டரம்மா என்னைத்தான் அடிப்பா."

பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "சிமெண்டா இருக்கணும்னு வேண்டிக்கோ. கொத்து வேலை போனா போகுது, மீன் கூடை சுமந்தாவது உனக்குச் சோறு போடுவேன். அது போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

டிரம்பெட்டின் பெயரைக்கூட அவன் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டிக்கிறேன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஜெபக் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டோம். அவன் சிமெண்டைக் கேட்டான். நான் டிரம்பெட்டைக் கேட்டேன். கர்த்தருக்கு அன்றைக்குத் தலை சுற்றியிருக்கும்.

புதன்கிழமை பட்டையைப் பிரித்தார்கள். இடப்பக்கம் சுத்தமாக இருந்தது. வலப்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் தோல் தடித்து, சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளித்திருந்தது.

"எந்தப் பக்கம்?" என்றான், திரும்பாமல்.

ஜெயித்தவள் நான்தான். ஆனால் அவன் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"அரபா, எந்தப் பக்கம்டி?"

"வலது."

சட்டையை எடுத்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்து டாக்டரம்மா அதையே உறுதி செய்தாள். வாய் வைக்கிற இடத்துக்கு பிளாஸ்டிக் இருக்கிறது, கையுறை போட்டுக்கொள்ளலாம் என்றாள். பேண்டு மாஸ்டரிடம் அந்த பிளாஸ்டிக்கை வாங்கி மாட்டி ஒரு முறை ஊதிப் பார்த்தான். "இது நானில்ல, யாரோ ஊதுறாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மறுநாளே எனக்கு என் சனிக்கிழமை கிடைத்தது. சோளமாவு உருண்டையான கெங்கேயும் மீன் குழம்பும் ஆக்கினேன், புதுத் துணி கட்டினேன், கடற்கரைக்குக் கூப்பிட்டேன். வந்தான். படகு நிழலில் உட்கார்ந்து, கல்யாணமான புதிதில்கூடச் செய்யாத மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அழுகையே வந்தது.

மேலே சாலையில் யாரோ ஒருவருடைய சாவு ஊர்வலம் வந்தது. டிரம்பெட்டை வேறு எவனோ ஊதிக்கொண்டிருந்தான். என் மணிக்கட்டின்மேல் ஃபீஃபியின் மூன்று விரல்கள், டிரம்பெட்டின் மூன்று விசைகளை அழுத்துகிற மாதிரி, அசைய ஆரம்பித்தன. ஒன்று அமுங்கியது, அப்புறம் இரண்டு சேர்ந்து, பாட்டு முழுவதும், ஒரு இடம் தப்பாமல். அவன் கண் கடலில் இருந்தது. அங்கே என் கை இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்காது.

நான் கையை இழுக்கவில்லை. அவன் தோளில் சாய்ந்துகொண்டு, அவன் இல்லாத என் பழைய சனிக்கிழமைகளுக்காக ஏங்கினேன்.