தலையாட்டிய மூன்று பேர்

நேர்காணல் அறைக்குள் தங்கையை விட முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். விண்ணப்பித்தவர் தன் வாயால்தான் பதில் சொல்ல வேண்டுமாம். துணைக்கு ஆள் வந்தால் மற்றவர்களுக்கு அநியாயமாம். அக்காவின் நாக்கு பிறந்ததிலிருந்தே அவள் சொன்னபடி கேட்காது. அவள் சொல்வதைத் தங்கை திருப்பிச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் புரியும். தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியதும் அப்படித்தான். நாற்பது வயதுக்கு மேல் இந்த விரிவுரையாளர் வேலை கிடையாது; அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது.

உள்ளே துறைத்தலைவரும் இரண்டு பேராசிரியர்களும் இருந்தார்கள். இருவரில் ஒருவர் பெண். அதுவே அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. உங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்டார் துறைத்தலைவர்.

"பேச்சுங்கறது ரெண்டு பேர் செய்ற வேலை. பேசுறவங்க பாதி, கேக்குறவங்க பாதி. பேசுறது பொம்பளைன்னா, கேக்குறவங்க அவங்க பாதிய செய்றதில்ல. என்னை மாதிரி பொம்பளைன்னா, பழிய மொத்தமா அவ நாக்கு மேல போட்டுடறாங்க."

ஒவ்வொரு சொல்லாக இழுத்து, வியர்த்து, இதைச் சொல்லி முடிக்க நான்கு நிமிடம் பிடித்தது. மூவரும் தலையாட்டினார்கள். "அருமை" என்றார் துறைத்தலைவர். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் நடுவில் எச்சில் விழுங்க நிறுத்தியபோதும் அவர்கள் தலையாட்டியது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். அவள் வீட்டில் அந்தப் பழமொழியை யாரும் சொல்லக் கூடாது. காது கேட்காதவன் ஊதுகிறவன் கன்னம் உப்புவதையாவது பார்ப்பானே என்பாள். இவர்களுக்கோ காதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

சோதித்துவிடலாம் என்று துணிந்தாள். "உங்க மேசை தீப்பிடிச்சு எரியுது" என்றாள், முகத்தை மாற்றாமல்.

மூன்று தலைகளும் ஆடின. ரொம்ப ஆழமான கருத்து என்றார் ஒருவர். அந்தப் பெண் பேராசிரியர் எதையோ அக்கறையாகக் குறித்துக்கொண்டார். என்னத்தைக் குறித்தாரோ! எழுந்து ஓடிப்போய் தங்கையின் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும் போல இருந்தது. வாசலில் விடமாட்டார்களே.

நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் துறைத்தலைவர். அவள் அந்தப் பெண் பேராசிரியரையே பார்த்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கேட்டாள்: "நான் சொன்னதுல ஒரு வார்த்தையாவது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

அந்தப் பேராசிரியரோ துறைத்தலைவரைப் பார்த்தார். துறைத்தலைவர் முன்னால் சாய்ந்து, குழந்தையிடம் பேசுவதுபோலச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கவலையே படாதீங்கம்மா. பத்து நாள்ல லெட்டர் வந்துடும்."