கேப்டனுக்கு முளைத்த மீசை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவனுக்குக் கடையில் வைத்த பெயர் ‘பூதக்கண்ணாடி’. போர்க்கால அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட புகைப்படங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதுதான் அவன் பைத்தியம். முதல் படத்தில் இருந்தது அச்சடித்த கையெழுத்து என்று தெரிந்து மூக்குடைபட்டவன், அதற்கப்புறம் எது கைக்கு வந்தாலும் விரலை நாக்கில் தொட்டுக் கையெழுத்தின் வாலில் ஒரு தேய்! மை கரைந்தால் அசல், கரையாவிட்டால் குப்பை. அவன் நாக்கு நீலமாக இருந்தால் அன்றைக்கு நல்ல வேட்டை என்று மனைவிக்குப் புரிந்துவிடும்.

இப்போது அவன் உயிர் ஒரே படத்தில் ஊசலாடியது. போர்க்கப்பல் தளத்தில் கேப்டனும் நான்கு அதிகாரிகளும். கேப்டன் உட்பட நால்வர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம், கேப்டன் பக்கத்தில் நிற்கும் ஒல்லி லெப்டினன்ட். தொண்ணூறைத் தாண்டியவர், யாருக்கும் கையெழுத்துப் போடாதவர்.

துணைக்கு மச்சானை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டான்.

“வித்துக் காசு பாக்கவா?” என்று பாய்ந்தார் கிழவர்.

“சத்தியமா இல்லீங்கய்யா. சுவத்துல மாட்டத்தான்.”

“ஆமாங்க, என் தங்கச்சி கல்யாண போட்டோவக் கழட்டிட்டு அந்த ஆணியில மாட்டுவாரு மாப்ள” என்றார் மச்சான் கடுப்பாக.

கிழவருக்கு அது பிடித்துப்போனது. அவருடைய மகள் மைப்பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் போட்டார். கை நடுங்கியதில் கையெழுத்தின் வால் கேப்டனின் மூக்கடி வரைக்கும் ஓடியது.

கண்ணெதிரே போட்ட கையெழுத்து. ஆனாலும் பாழாய்ப்போன விரல் தானாக நாக்குக்குப் போய், படத்துக்கு வந்து, ஒரு தேய் தேய்த்துவிட்டது.

“ஐயையோ!” என்றாள் மகள்.

பாதிக் கையெழுத்தைக் காணோம். மச்சான் எட்டிப் பார்த்தார். “அசல்தான் மாப்ள. சந்தேகமே வேணாம்.”

கிழவர் படத்தை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. ஏதோ ஆகிவிட்டது என்று மகள் தண்ணீருக்கு ஓடினாள். பார்த்தால், சிரிப்பு! கேப்டனின் மூக்குக்குக் கீழே நீல நிறத்தில் கொழுத்த மீசை.

“இந்தாளு கப்பல்ல எங்க எல்லார் மீசையையும் சிரைக்க வச்சான்டா! நான் ஆசையா வளத்த மீசை. இப்ப பாரு, அவனுக்கே ஒண்ணு!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பேனாவைக் கொண்டாம்மா. முதல்ல இவன் கையப் புடிங்க ரெண்டு பேரும்.”

ஒரு கையை மகளும் மறு கையை மச்சானும் பிடித்துக்கொள்ள, பிடிபட்ட திருடன் மாதிரி அவன் உட்கார்ந்திருந்தான். கிழவர் படத்தின் கீழே, கப்பல் தளத்தின் மேல் பெரிதாகப் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் மச்சான் கேட்டார். “மாப்ள, எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க. மை எப்பவோ காஞ்சிருச்சு, கைய விட்டுறவா?”

“விட்டுறாதீங்க மச்சான்! வீடு வர்ற வரைக்கும் விட்டுறாதீங்க.”