நோட்டு எங்களிடமே இருக்கும்

செவ்வாய்க்கிழமைதோறும் காளிச்சாமி என் மேசைக்கு முன்னால் வந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஏனுங்க அம்மணி, எங்கூட்டுக்காரி நோட்டுல ஊசி ஆகாதுன்னு எழுதியிருந்துச்சுங்களா?"

"தேடிப் பாக்கறேனுங்க."

அவரும் தன் சர்க்கரை மாத்திரையை வாங்கிக்கொண்டு தொண்டாமுத்தூர் பஸ் ஏறிவிடுவார். தேட என்ன இருக்கிறது? அவர் மனைவி பழனியாத்தாளின் நோட்டு என் மேசை டிராயரில் பூட்டிக் கிடந்தது. வைத்துப் பூட்டியவள் நான்தான்.

ஆர்.எஸ்.புரத்தில் அந்தத் தரும ஆஸ்பத்திரியை நடத்தியவர் என் மாமனார் பங்காரு, மில் முதலாளி. படுக்கை கிடையாது. சீட்டு, டாக்டர், மருந்து, அவ்வளவுதான். தொண்ணூற்று நாலில் எதிர்ச்சாரியில் இன்னொரு டிரஸ்ட்காரர்கள் இலவச கிளினிக் திறந்தார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார்கள். எங்கள் கூட்டம் பாதியாகிவிட்டது. கூட்டமில்லாத ஆஸ்பத்திரிக்கு நன்கொடை எவன் கொடுப்பான்? மாமனார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வீட்டில் எம்.பி.ஏ. படித்த மருமகள் வரலட்சுமி சும்மா இருப்பேனா?

நோயாளிகள் எல்லோரும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு எந்த டாக்டரிடமும் போவார்கள். அந்த நோட்டை வாங்கி எங்கள் அலமாரியில் வைத்துவிட்டால்? வியாதியின் கதை எங்களிடம் இருக்கும். ஆளும் எங்களிடமே வந்தாக வேண்டும். "நோட்டு எங்களிடமே இருக்கும், தொலையாது" என்று போர்டு மாட்டினேன். ஆறே மாதத்தில் கூட்டம் திரும்பியது. சொந்தக்காரர்கள் முன்னால் மாமனார் என்னைப் புகழ்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பழனியாத்தாள் மட்டும் நோட்டைக் கொடுக்கத் தயங்கினாள்.

"எங்க போனாலும் இதக் காட்டோணும்னு டாக்டரு சொன்னாருங்க."

"இனி எங்கயும் போக வேண்டாமுங்க. இங்கயே வாங்க" என்று சிரித்துக்கொண்டே கையிலிருந்து உருவிக்கொண்டேன். பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கடும் காய்ச்சல். நாங்கள் பூட்டியிருந்தோம். காளிச்சாமி எதிர்ச்சாரிக்குத் தூக்கிப் போனார். எந்த ஊசியாவது ஆகாதா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அவளுக்குச் சுயநினைவில்லை, இவருக்குத் தெரியவில்லை. ஊசி போட்ட கால் மணி நேரத்தில் போய்விட்டாள்.

திங்கட்கிழமை நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் "பென்சிலின் கூடாது". அடியில் இரண்டு கோடு. எழுதிய டாக்டர் வால்பாறை எஸ்டேட்டுக்குப் போய் வருஷமாகிறது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். வெளியே சொன்னால் ஆஸ்பத்திரியை மூட வேண்டியதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் நிஜம்.

அதற்குப் பிறகு தொடங்கியது. கம்பவுண்டர் ஐயாசாமி நம்பர் கூப்பிடுவார். "இருக்கறனுங்க" என்று பழனியாத்தாள் குரல் பதில் சொல்லும். நிமிர்ந்தால் வேறு யாரோ எழுந்து வருவார்கள். ஃபேன் ஓடாதபோதும் டிராயருக்குள் தாள் புரளும். பட்டப்பகலில், நாற்பது பேர் நடுவில், எனக்கு மட்டும் கேட்கும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வெட்டியவளை அது விடுமா?

போன செவ்வாய்க்கிழமை காளிச்சாமி கேள்வி கேட்கவில்லை. பாதியாக இளைத்திருந்தார்.

"இனித் தேட வேண்டாமுங்க அம்மணி. அவ எங்கிட்டச் சொல்லித்தான் இருப்பா. நாந்தான் மறந்துபோட்டேன். நானே அவளக் கொன்னுபோட்டனுங்க. எனக்கு எதுக்குங்க இனி மாத்திர?"

ஐயாசாமி அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். "இருக்கறனுங்க." இந்த முறை என் காதோரத்தில்.

டிராயரைத் திறந்தேன். நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"எழுதியிருந்துச்சுங்க. நாந்தான் வாங்கி வெச்சுக்கிட்டேன். நீங்க கொல்லலீங்க."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத காளிச்சாமி அந்தச் சிவப்பு எழுத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் நோட்டை மூடி மடியில் செருகிக்கொண்டார்.

"எம்பட நோட்டையும் குடுத்துப்போடுங்க அம்மணி."

எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் பின்னால், பெஞ்சில் காத்திருந்த நோயாளி பாவாத்தாள் எழுந்து வந்து தன் நோட்டுக்குக் கை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அன்று டாக்டரைப் பார்க்க யாரும் சீட்டுக் கேட்கவில்லை.